மரபணு ஒழுங்குமுறை ஆய்வைப் பணிவாழ்வாக அமைத்துக்கொள்வது எப்படி

மனித ஜீனோமில் (முழு மரபணுத் தொகுதியில்) சுமார் 300 கோடி கார இணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்து இணைகள், உள்ளன. புரதங்களை உருவாக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதி அதில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்பகுதியில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அடங்கியுள்ளன. கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான் என்றாலும் இரண்டும் வெவ்வேறாக நடந்துகொள்வதற்குக் காரணம், எந்த மரபணு எங்கே, எப்போது, எந்த அளவுக்கு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டளைப் பகுதிகளும், அவற்றில் வந்து அமரும் சுமார் 1,600 படியெடுப்புக் காரணிகள் என்ற புரதங்களுமே ஆகும். பொதுவான நோய்களுடன் தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்ட மரபணு மாறுபாடுகளில் 90 விழுக்காடு அளவுக்குப் புரதக் குறிப்புக்கு வெளியேதான் விழுகின்றன. இத்துறையில் ஓர் ஆய்வாளர் முப்பது ஆண்டுகள் செய்வதற்கான வேலை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த முப்பது ஆண்டுகளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

இளநிலைப் படிப்பின் இறுதியில் இருப்பவர் முதல் சொந்த ஆய்வகம் தொடங்க விண்ணப்பிப்பவர் வரை பலருக்கும் பயன்படும் வகையில் இதை எழுதியிருக்கிறேன். என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இத்துறையில் கருவிகள் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன: 2007-இல் சிப்-செக் (புரதம் டி.என்.ஏ.வில் அமரும் இடங்களைக் காண்பது), 2008-இல் ஆர்.என்.ஏ.-செக் (மரபணு வெளிப்பாட்டை அளப்பது), 2009-இல் ஹை-சி (டி.என்.ஏ. மடிப்பைக் காண்பது), 2013-இல் அட்டாக்-செக் (திறந்திருக்கும் டி.என்.ஏ. பகுதிகளைக் காண்பது), அதே ஆண்டுவாக்கில் கிரிஸ்பர் (டி.என்.ஏ.வை வெட்டித் திருத்துவது), அதன் பின் தனிச்செல் முறைகள். ஏதேனும் ஒரு கருவியில் வல்லவர் என்ற பெயரை மட்டும் நம்பிப் பணிவாழ்வை அமைத்தவர்கள், அந்தக் கருவி எல்லா ஆய்வகங்களுக்கும் வந்து சேர்ந்த நாளில் தடுமாறிப் போகிறார்கள். ஆகவே ஓர் உயிரியல் கேள்வியைத் தேர்ந்தெடுத்து, கருவிகளை அதற்காக மாற்றிக்கொண்டே போவதுதான் உறுதியான வழி.

கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை. கருவில் இருக்கும் குழந்தையின் இரத்தத்தில் ஒருவகை ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் அது குறைந்து, வயதுவந்தோருக்கான ஹீமோகுளோபின் அதன் இடத்தைப் பிடிக்கிறது. அரிவாள் செல் நோயும் பீட்டா தலசீமியாவும் உள்ளவர்களில் கருவகை ஹீமோகுளோபின் தொடர்ந்து இருந்தால் நோயின் கடுமை தணியும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. அந்த மாற்றத்தை நிகழ்த்துவது எது என்பதே கேள்வி. 2007-08-இல் மக்கள்தொகை அளவிலான மரபணு ஆய்வுகள் பி.சி.எல்.11ஏ மரபணுவைச் சுட்டின. 2008-இல் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரனும் உடன் பணியாற்றியோரும், அந்த மரபணு தரும் புரதமே கருவகை ஹீமோகுளோபினை அடக்கி வைக்கிறது என்று காட்டினார்கள். 2013-இல் அதே ஆய்வகத்தில் டேனியல் பவர் உள்ளிட்டோர், நோய் மாறுபாடுகள் அந்த மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதிக்குள்) இருக்கும் ஓர் என்ஹான்சரில் (மரபணுவின் இயக்கத்தை உயர்த்தும் கட்டளைப் பகுதியில்) விழுகின்றன என்றும், அந்த என்ஹான்சர் சிவப்பணு வழியில் மட்டுமே வேலை செய்கிறது என்றும் நிறுவினார்கள். 2015-இல் கிரிஸ்பர் கொண்டு அந்த என்ஹான்சரைத் துளித்துளியாக வெட்டிப் பார்த்து, எந்தச் சில எழுத்துகள் முக்கியம் என்று கண்டறிந்தார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனிலும், அடுத்த மாதம் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற காஸ்கெவி சிகிச்சை வெட்டுவது அந்த இடத்தைத்தான்.

இதில் ஆய்வு மாணவர் கவனிக்க வேண்டியது சிகிச்சையின் வெற்றியை மட்டுமல்ல. பி.சி.எல்.11ஏ பி-செல்களுக்கும் நரம்பு வளர்ச்சிக்கும் தேவையான மரபணு. அதை முழுவதும் அழித்தால் கேடு விளையும். என்ஹான்சரை மட்டும் தொடுவதால் சிவப்பணு வழியில் மட்டும் அது தணிகிறது. மரபணு ஒழுங்குமுறையைப் படிப்பதன் பயன் என்ன என்று நேர்காணலில் கேட்டால் சொல்லக்கூடிய மிகச் சுருக்கமான பதில் இதுவே.

உங்கள் கேள்வி இந்த அளவுக்கு வளருமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் சில சோதனைகளை வைத்துப் பார்க்கலாம். கேள்விக்குரிய செல்வகை உங்கள் கைக்குக் கிடைக்குமா? கிடைக்காத செல்வகையைப் பற்றிய கேள்வி, கிடைக்கும் செல்வகையைப் பற்றிய கேள்வியாகச் சத்தமின்றி மாறிவிடும். கே562 என்ற இரத்தப் புற்று செல்வரிசையில் எத்தனையோ கட்டுரைகள் வந்திருப்பதற்கு அது எளிதில் வளர்வதும் ஒரு காரணம். அந்தச் செல்லில் பல குரோமோசோம்கள் மூன்று படிகளாக இருக்கின்றன என்பதை மறந்து எழுதப்பட்ட முடிவுகளும் உண்டு. அடுத்து, கட்டளைப் பகுதியைக் கலைத்தால் என்ன மாறும் என்பதை அளக்க உங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறதா? மரபணுவின் வெளிப்பாடு மாறியது என்று காட்டுவதோடு நிற்கும் ஆய்வுகள் நிறைய உண்டு. செல்லின் நடத்தை மாறியது என்று காட்டுபவை அரிது. இறுதியாக, விடை ‘இல்லை’ என்று வந்தாலும் அது பிறருக்குப் பயன்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் தேறாத திட்டத்தை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான அறிவுரை.

தவறான பாதையில் ஒரு துறையே சில ஆண்டுகள் நடந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2007-இல் உடல் பருமனுடன் மிக வலுவாகத் தொடர்புடைய மாறுபாடுகள் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் இன்ட்ரானுக்குள் இருப்பது தெரியவந்தது. மாறுபாடு எந்த மரபணுவுக்குள் இருக்கிறதோ அந்த மரபணுதான் காரணம் என்று கொள்வது இயல்பாகத் தோன்றியது, எஃப்.டி.ஓ. இல்லாத எலிகள் மெலிந்திருந்ததும் அந்த எண்ணத்துக்கு வலுச்சேர்த்தது. 2014-இல் மார்செலோ நோப்ரேகாவின் குழு, அந்த இன்ட்ரான் பகுதி குரோமாட்டின், அதாவது புரதங்களோடு பொதிந்த டி.என்.ஏ., மடிவதன் வழியே சுமார் ஐந்து லட்சம் கார இணைகளுக்கு அப்பால் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 மரபணுவைத் தொடுகிறது என்று காட்டியது. 2015-இல் மெலினா கிளாஸ்னிட்சரும் மனோலிஸ் கெல்லிஸும் உடன் பணியாற்றியோரும் ஒரே ஓர் எழுத்து மாற்றம் கொழுப்புச் செல்லின் முன்னோடிகளில் ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 ஆகிய இரண்டையும் உயர்த்துகிறது என்று நிறுவினார்கள். அருகில் இருக்கும் மரபணுவே இலக்கு என்று ஒருவர் ஆய்வகக் கூட்டத்தில் சொல்லும்போது, சான்று எங்கே என்று கேட்கும் பழக்கம் முதல் ஆண்டிலேயே வந்துவிட வேண்டும்.

கற்க வேண்டியவை

சோதனை மேசையா கணினியா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்றில் ஆழமும் மற்றதில் தன்னிறைவும் வேண்டும் என்பதே விடை. மேசையில் வேலை செய்பவர் தம் தரவைத் தாமே திறந்து பார்த்து, முதல் கட்டப் பகுப்பாய்வையாவது செய்ய வேண்டும். கணினியில் வேலை செய்பவர் ஒரு முறையாவது செல் வளர்த்து, சீக்வென்சிங் நூலகம் (வாசிப்பதற்கான டி.என்.ஏ. துண்டுகளின் தொகுப்பு) தயாரித்து, அது எங்கெங்கே கெடும் என்பதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். ஆர் அல்லது பைத்தான், யூனிக்ஸ் கட்டளை வரி, நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட், ஸ்னேக்மேக் அல்லது நெக்ஸ்ட்ஃப்ளோ போன்ற பணியோட்டக் கருவி ஒன்று, இவை போதும். புள்ளியியலில் குறுக்குவழி கிடையாது: பொதுமை நேரியல் மாதிரி, பன்மைச் சோதனைத் திருத்தம், மாறுபாட்டுக் கூறுகளைப் பிரித்தறிதல் ஆகியவற்றை மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடும் டி.இ.செக்2 போன்ற மென்பொருளின் கையேட்டிலிருந்து மட்டும் கற்றுக்கொண்டால், அந்த மென்பொருள் எப்போது தவறான விடை தரும் என்பது தெரியாமல் போகும்.

சின்ன விஷயங்கள்தான் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும். ஜீனோம் பகுதிகளைக் குறிக்கும் பெட் கோப்பில் தொடக்க எண் சுழியத்திலிருந்தும், மரபணு மாறுபாடுகளைக் குறிக்கும் வி.சி.எஃப். கோப்பில் ஒன்றிலிருந்தும் எண்ணப்படுகிறது. ஒரே ஓர் எழுத்து நகர்ந்தால் படியெடுப்புக் காரணி அமரும் இடத்தின் நடு எழுத்து வேறொன்றாகிவிடும். ஜி.ஆர்.சி.எச்.37, ஜி.ஆர்.சி.எச்.38 என்ற இரு ஜீனோம் பதிப்புகளின் ஆயங்கள் ஒன்றல்ல. எந்தக் கோப்பு எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். எக்செல் மென்பொருள் செப்ட்2 என்ற மரபணுப் பெயரைச் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு கண்டது. முதலில் பணிந்து போனது மென்பொருள் அல்ல. 2020-இல் மரபணுக்களுக்கே புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்.

நெறியாளரையும் ஆய்வகத்தையும் தேர்தல்

ஆய்வகத்தின் புகழைப் பார்த்துச் சேர்வதைவிட, அங்கிருந்து கடந்த சில ஆண்டுகளில் வெளியேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. வெளியேறிய மாணவர்கள் இருவரிடமாவது தனியே பேசுங்கள். திட்டம் தோற்றபோது நெறியாளர் என்ன செய்தார், முதல் வரைவை எத்தனை நாளில் திருப்பித் தந்தார், ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கொடுத்துப் போட்டியிட வைத்தாரா என்று கேளுங்கள். ஆய்வகக் கூட்டம் ஒன்றில் உட்கார அனுமதி கேளுங்கள். இளையவர் ஒருவர் மூத்தவரின் வரைபடத்தை மறுத்துப் பேசும்போது அறையில் என்ன நடக்கிறது என்பதே அந்த ஆய்வகத்தைப் பற்றிய மிக நம்பகமான தகவல்.

பெருங்கூட்டுத் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். மனித ஜீனோமின் செயற்பகுதிகளைப் பட்டியலிடும் என்கோடு திட்டம் 2003-இல் தொடங்கியது. 2012-இல் வந்த அதன் முதன்மைக் கட்டுரைக்கு 400-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். இத்தகைய திட்டத்தில் பணிபுரிவதால் தரக்கட்டுப்பாடும் ஒழுங்கும் கிடைக்கும், தொடர்புகள் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கானோர் நடுவில் உள்ள பெயரை வைத்து வேலை கிடைக்காது. கூட்டுத் திட்டத்தின் தரவைக் கொண்டு நீங்களே முதல் ஆசிரியராக எழுதும் கட்டுரை எது என்பதைச் சேரும்போதே நெறியாளருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

முனைவர் பட்ட ஆண்டுகள்: தரவைக் கண்ணால் பார்த்தல்

இப்பகுதியில் சற்று அதிக நேரம் செலவிட விரும்புகிறேன். பணிவாழ்வின் தரம் பெரும்பாலும் இங்கேதான் உறுதியாகிறது.

அட்டாக்-செக் சோதனையை எடுத்துக்கொள்வோம். டி.என்.5 என்ற நொதி திறந்த குரோமாட்டினை வெட்டி, வெட்டிய முனைகளிலேயே இணைப்பு வரிசைகளை ஒட்டிவிடுகிறது. தரவு வந்ததும் பலரும் நேராக, வாசிப்புகள் குவியும் இடங்களான சிகரங்களைக் கண்டறியும் மென்பொருளை ஓட்டுகிறார்கள். அதற்கு முன் துண்டுகளின் நீள வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 100 கார இணைகளுக்குக் கீழே உயர்ந்த ஒரு முகடு இருக்க வேண்டும். அது நியூக்ளியோசோம் (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரத உருண்டை) இல்லாத திறந்த பகுதி. 200 அளவில் அடுத்த முகடு. ஒற்றை நியூக்ளியோசோமைச் சுற்றிய துண்டு. 400 அருகே சிறிதாக இன்னொன்று. உற்றுப் பார்த்தால் முதல் முகட்டின் சரிவில் சுமார் 10 கார இணைகளுக்கு ஒரு முறை நெளியும் சிற்றலைகளும் தெரியும், டி.என்.ஏ. சுருளின் ஒரு சுற்று அது. இந்தப் படிகள் இன்றி ஒரே வழுவழுப்பான சரிவாக வரைபடம் வந்தால், செல்கள் இறந்திருக்கலாம் அல்லது நொதியின் அளவு செல் எண்ணிக்கைக்குப் பொருந்தாமல் இருக்கலாம். வாசிப்புகளில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வந்திருந்தால், உட்கருவைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று பொருள். இந்தக் கோளாறுகளை எந்தப் பகுப்பாய்வாலும் பின்னர் சரிசெய்ய முடியாது. மாதிரியை மறுபடி தயாரிப்பதே வழி. அதன் பின் ஐ.ஜி.வி. போன்ற ஜீனோம் உலாவியில் உங்களுக்கு நன்கு தெரிந்த நான்கைந்து மரபணுக்களுக்குச் சென்று, எல்லாச் செல்லிலும் இயங்கும் மரபணுவின் முகப்பு திறந்திருக்கிறதா, உங்கள் செல்லில் இயங்கக் கூடாத மரபணு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கால்மணி நேர வேலை இது.

சோதனைத் திட்டமிடலில் மிகுந்த கேடு விளைவிப்பது பேட்ச் விளைவு. அதாவது, உயிரியல் வேறுபாடும் மாதிரிகளைக் கையாண்ட நாள், ஆள், இயந்திரம் ஆகியவற்றின் வேறுபாடும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. 2014-இல் மனிதத் திசுக்களையும் எலித் திசுக்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, மரபணு வெளிப்பாட்டில் மனிதக் கல்லீரல் எலிக் கல்லீரலை ஒத்திருப்பதைவிட மனிதனின் பிற திசுக்களையே அதிகம் ஒத்திருக்கிறது என்ற வியப்பான முடிவைச் சொன்னது. 2015-இல் யோவ் கிலாடும் ஒர்னா மிஸ்ராகி-மானும் அந்தத் தரவின் மூல வாசிப்புகளைக் கொண்ட ஃபாஸ்ட்க்யூ கோப்புகளைத் திறந்தார்கள். அக்கோப்பில் ஒவ்வொரு வாசிப்புக்கும் மேலே ஒரு தலைப்பு வரி உண்டு: இயந்திரத்தின் பெயர், ஓட்டத்தின் எண், ஃப்ளோ செல் என்ற வாசிப்புத் தகட்டின் அடையாளம், தடத்தின் எண் ஆகியவை முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு அதில் இருக்கும். யாரும் பொதுவாகப் படிக்காத அந்த வரிகளிலிருந்து, மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் வெவ்வேறு ஓட்டங்களில் வாசிக்கப்பட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த விளைவைக் கணக்கில் கொண்டபோது மாதிரிகள் இனவாரியாக அன்றித் திசுவாரியாகத் திரண்டன. ஆகவே உங்கள் ஒப்பீட்டின் இரு பக்கங்களையும் ஒவ்வொரு நாளிலும், ஒவ்வொரு தடத்திலும் கலந்து வையுங்கள். மாதிரிப் பட்டியலில் நாள், செய்தவர், வேதிப்பொருளின் தொகுப்பு எண், தடம் என்ற பத்திகளைச் சோதனை தொடங்கும் முன்பே அமைத்துவிடுங்கள்.

தனிச்செல் தரவில் இதே இடர் வேறு வேடத்தில் வருகிறது. பத்தாயிரம் செல்கள் இருப்பதால் பத்தாயிரம் மாதிரிகள் இருப்பதாக எண்ணி ஒப்பிட்டால், எல்லா மரபணுவும் வேறுபடுவதாகத் தோன்றும். மூன்று நபர்களிடமிருந்து வந்த செல்கள் என்றால் உங்களிடம் இருப்பவை மூன்று மாதிரிகள்தான். ஒவ்வொரு நபரின் செல்களையும் வகைவாரியாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளை ஒப்பிடுவதே நேர்மையான முறை.

ஒரு டி.என்.ஏ. பகுதி என்ஹான்சர்தான் என்று நிறுவுவது படிப்படியான வேலை. குரோமாட்டின் திறந்திருக்கிறது என்பதும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27-ஆம் லைசினில் அசெட்டைல் குறி இருக்கிறது என்பதும் வெறும் அறிகுறிகள். அந்த வரிசையை எளிதில் அளக்கக்கூடிய ரிப்போர்ட்டர் மரபணு ஒன்றின் முன் வைத்தால் இயங்குகிறது என்றால், அதற்கு ஆற்றல் உண்டு என்று மட்டும் தெரிகிறது. கிரிஸ்பர் முறையின் காஸ்9 புரதத்தை வெட்டும் திறன் நீக்கி எடுத்து, அதனோடு அடக்கும் பகுதி ஒன்றை இணைத்து, அந்த இடத்தை அதன் சொந்தக் குரோமோசோமிலேயே அடக்கிப் பார்த்து, இலக்கு மரபணுவின் வெளிப்பாடு குறைந்தால்தான் காரண-காரியம் பற்றிப் பேசத் தொடங்கலாம். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கைகால் வளர்ச்சிக்குரிய பத்து என்ஹான்சர்களை ஒவ்வொன்றாக நீக்கிய எலிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஒரே மரபணுவைச் சார்ந்த இரண்டை ஒருசேர நீக்கியபோதுதான் குறைபாடு வெளிப்பட்டது. ஒரு பகுதியை நீக்கி ஒன்றும் நேராமல் போனால், அது தேவையற்றது என்று உடனே எழுதிவிட வேண்டாம்.

செல்வரிசைகளின் மரபணு அடையாளத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சரிபார்ப்பதும், மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியின் தொற்று உண்டா என்று சோதிப்பதும், சிப்-செக் சோதனைக்கு வாங்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) அதன் இலக்கு நீக்கப்பட்ட செல்லில் சோதிப்பதும் விவாதத்துக்கு உரியவை அல்ல, செய்துவிட வேண்டியவை.

எழுதுதலும் வெளியிடுதலும்

கட்டுரையின் படங்களை முதலில் வரையுங்கள், பிறகு எழுதுங்கள். ஒவ்வொரு படமும் எந்தக் கூற்றைத் தாங்குகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அந்தப் படம் துணைப்பகுதிக்குப் போகலாம். வினைச்சொற்களில் கவனம் தேவை: ‘தொடர்புடையது’, ‘போதுமானது’, ‘தேவையானது’ ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு சோதனைகளைக் கோருகின்றன. என்கோடு திட்டம் 2012-இல் ஜீனோமின் 80 விழுக்காட்டுக்கு உயிர்வேதிச் செயல்பாடு உண்டு என்று எழுதியபோது எழுந்த கடுமையான எதிர்ப்புக்குக் காரணம் தரவில் இருந்த குறை அன்று, ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதையும் புரதம் வந்து ஒட்டுவதையும்கூடச் செயல்பாடு என்ற சொல்லுக்குள் அடக்கியதே காரணம்.

இதழ் மதிப்பீட்டுக்கு முன்பே, முன்பதிப்பாகப் பயோஆர்க்கைவ் தளத்தில் வெளியிடுவது 2013 முதல் இத்துறையில் வேரூன்றிவிட்டது. யார் முதலில் கண்டார் என்ற அச்சத்தை அது பெருமளவு தணிக்கிறது. மூலத்தரவை ஜி.இ.ஓ. போன்ற களஞ்சியத்தில் இடுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிகளின் தரவு என்றால் திறந்த களஞ்சியம் கூடாது. தொகுக்கப்பட்ட மரபணு மாறுபாட்டு நிகழ்வெண்களிலிருந்தே ஒரு தனிநபர் அந்தத் தொகுப்பில் இருக்கிறாரா என்று கண்டறிய முடியும் என்பது 2008-இலேயே காட்டப்பட்டுவிட்டது. எனவே டி.பி.கேப், இ.ஜி.ஏ. போன்ற அனுமதி பெற்று நுழையும் களஞ்சியங்களே உரியவை. ஒப்புதல் படிவத்தில் தரவைப் பகிர்வதற்கான வாசகம் இல்லையென்றால், பின்னர் எதுவும் செய்ய இயலாது.

கணிப்பு மாதிரிகளின் காலத்தில்

2021-இல் வந்த என்ஃபார்மர், 2025-இல் வந்த ஆல்ஃபாஜீனோம் ஆகிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் டி.என்.ஏ. வரிசையை மட்டும் படித்து மரபணு வெளிப்பாட்டையும் குரோமாட்டின் நிலையையும் கணிக்கின்றன. இதனால் சோதனை மேசைக்கு வேலையிருக்காது என்று அஞ்சுவோர் உண்டு. 2023-இல் வெளிவந்த மதிப்பீடுகள், என்ஃபார்மர் மரபணுக்களுக்கு இடையேயான வேறுபாட்டை நன்கு கணித்தாலும், ஒரே மரபணு இருவேறு நபர்களில் எவ்வாறு வேறுபடும் என்பதில் பல சமயம் திசையையே மாற்றிச் சொல்கிறது என்று காட்டின. மாதிரி எங்கே தவறுகிறது என்று கண்டறிந்து, அந்த இடத்தைக் கலைத்துப் பார்க்கும் சோதனையை வடிவமைக்கத் தெரிந்தவருக்கு இனி வரும் ஆண்டுகளில் வேலை கூடவே செய்யும்.

முதுமுனைவர் காலம்

முனைவர் பட்டத்துக்குப் பின் ஏதேனும் ஒன்றை மாற்றுங்கள்: உயிரினத்தை, அல்லது முறையை, அல்லது நோயை. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் இரண்டு ஆண்டுகள் மறுபடி மாணவராகவே கழியும். எதையும் மாற்றாவிட்டால் பழைய நெறியாளரின் நிழலிலிருந்து வெளியே வந்ததாக எவரும் ஏற்கமாட்டார்கள். சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கிருந்து போகும்போது எந்தத் திட்டத்தை நான் எடுத்துச் செல்லலாம்? கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விட்டால் பின்னர் வரும் மனத்தாங்கல் அதைவிடப் பெரிது.

விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ரவ்குனும் 1980-களில் ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் முதுமுனைவர் ஆய்வாளர்களாக இருந்தவர்கள். லின்-4, லின்-14 என்ற இரு புழு மரபணுக்களைப் படித்துவந்த அவர்கள், சொந்த ஆய்வகம் அமைத்தபோது ஆம்ப்ரோஸ் லின்-4-ஐயும் ரவ்குன் லின்-14-ஐயும் எடுத்துச் சென்றார்கள். பின்னர் இருவரும் தங்கள் வரிசைகளை ஒப்பிட்டபோது, லின்-4 தரும் 22 எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ., லின்-14 தரும் ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியோடு இணைசேரக்கூடியது என்று தெரிந்தது. 1993-இல் வெளியான அக்கட்டுரைகளை, புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று பலரும் ஒதுக்கினார்கள்; 2000-இல் லெட்-7 என்ற மற்றொரு நுண் ஆர்.என்.ஏ. (பிற மரபணுக்களின் வெளிப்பாட்டை அடக்கும் குறு ஆர்.என்.ஏ.) விலங்குலகம் முழுவதும் இருப்பது தெரிந்த பிறகே நிலைமை மாறியது. 2024-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தெளிவாகப் பிரித்துக்கொண்ட இரு திட்டங்கள் பகையின்றி வளரலாம் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் கல்விப்புலத்தை விட்டு வெளியேறுவதைத் தோல்வியாகப் பார்க்கும் வழக்கம் பல ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. மருந்து நிறுவனங்களில் இலக்கு மரபணுவை உறுதிசெய்யும் குழுக்கள், மருத்துவமனைகளில் மரபணு மாறுபாடுகளுக்கு விளக்கமளிக்கும் பிரிவுகள், மையத் தரவு ஆய்வகங்கள் ஆகியவை இதே திறனைக் கேட்கின்றன. போக நினைப்பவர்கள் நான்காம், ஐந்தாம் முதுமுனைவர் ஆண்டு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போவது நல்லது.

சொந்த ஆய்வகம்

வேலைக்கான நேர்காணலில் முதல் உரை நீங்கள் செய்ததைப் பற்றியது. அதில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். படக்காட்சி இன்றிப் பலகையில் எழுதி, செய்யப்போவதை விளக்கும் இரண்டாம் அமர்வில்தான் தேர்வு நடக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை மூன்றே வகை: இதை ஏன் நீங்கள் செய்ய வேண்டும், உங்கள் பழைய நெறியாளர் இதைச் செய்யமாட்டாரா, முதல் சோதனை தோற்றால் என்ன செய்வீர்கள். மூன்றுக்கும் பெயர், மரபணு, செல்வகை, மாற்றுச் சோதனை ஆகியவற்றோடு விடை வைத்திருங்கள்.

நல்கை விண்ணப்பத்தில் இரண்டாம் நோக்கம் முதல் நோக்கத்தின் வெற்றியை நம்பி இருக்கக் கூடாது. முதல் நோக்கத்தில் என்ஹான்சர்களைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டாவதில் அவற்றைக் கலைத்துப் பார்ப்பேன் என்று எழுதினால், எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மதிப்பீட்டாளர் முதல் வரியிலேயே கேட்பார். ஏற்கெனவே கையில் உள்ள இரண்டு மூன்று பகுதிகளை வைத்து இரண்டாம் நோக்கத்தைத் தொடங்குங்கள். முதல் நோக்கம் அந்தப் பட்டியலை நீட்டட்டும்.

தொடக்க நிதியில் சீக்வென்சிங் இயந்திரம் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சில ஆண்டுகளில் பழையதாகிவிடும் பொருளில் நிதியை முடக்குவதைவிட, மைய வசதியில் கட்டணம் செலுத்தி வாசித்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு நல்ல ஆய்வக மேலாளருக்கும் தரவுச் சேமிப்புக்கும் ஒதுக்குவது சிறந்தது. முதல் இரண்டு நியமனங்களை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். ஆள் இல்லாமல் ஆறு மாதம் நீங்களே மேசையில் நிற்பது, பொருந்தாத ஒருவரோடு மூன்று ஆண்டுகள் கழிப்பதைவிட மலிவு. மூல ஃபாஸ்ட்க்யூ கோப்புகள் இரண்டு வெவ்வேறு இடங்களில், எழுத முடியாதபடி பூட்டப்பட்ட நிலையில் இருக்கட்டும். மாதிரிப் பட்டியலும் பகுப்பாய்வு நிரல்களும் ஆய்வகத்தின் பொதுக் கணக்கில் இருக்கட்டும். யாரேனும் விடைபெறும்போது, அவர் போவதற்கு ஒரு மாதம் முன்பே வேறொருவர் அந்த நிரல்களை வெறுங்கணினியில் முதலிலிருந்து ஓட்டி, கட்டுரையின் முதல் படத்தைத் திரும்ப உருவாக்கிக் காட்ட வேண்டும் என்ற விதியை முதல் ஆண்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.